மாமன் பாண்டிச்சேரி

மச்சான் வந்து இறங்கிய அன்று மாலை, கொண்டுவந்த சாமான்களில் ஒரு பையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. பெட்டிகளை நானும் கார் டிரைவரும் இறக்கி உள்ளே வைத்தோம். அவர் தோளில் மாட்டியிருந்த சின்னத் துணிப்பையை நான் வாங்கப் போனபோது, "அது இருக்கட்டும் தம்பி" என்று விலகிக்கொண்டார். வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். அவர் பக்கத்துச் சந்து வழியாகப் பின்புறம் போய், முருங்கை மரத்தின் தாழ்ந்த கிளையில் பையை மாட்டினார். கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு பின்கதவு வழியாகவே உள்ளே வந்தார்.

"இன்னா மாப்ள, தட்ட வச்சிக்கினு நிக்கிறேன், நீங்க பின்னால போறீங்க" என்றாள் அம்மா.

"அதுல மருந்து சாமான் இருக்கு அத்தே. புள்ளைங்க கை படக் கூடாது. உள்ள வேணாம்."

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா மாப்பிள்ளை கிடைத்தால் லாட்டரி விழுந்த மாதிரி என்று எங்கள் முத்தியால்பேட்டையில் பேசிக்கொண்ட காலத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். போனவள் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. புகைப்படங்கள் வந்தன. கோட்டுப் போட்டுக்கொண்டு, பனியில் நின்றுகொண்டு, பிறகு ஒரு குழந்தையோடு, பிறகு இரண்டு குழந்தைகளோடு. இந்த மழைக்காலத்தில் எல்லோரும் வருகிறோம் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு கடிதம் நின்றுபோயிருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. நேரில் வரப்போகிறவள் எதற்கு எழுதுவாள் என்று அம்மா தானே கேட்டுத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காரிலிருந்து இறங்கியது மச்சானும் இரண்டு பிள்ளைகளும்தான். பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும். பையனுக்கு நாலு. அம்மா காருக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் யாராவது குனிந்திருப்பார்கள் என்பதுபோல் இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

"அவ எங்க மாப்ள?"

"அப்புறமாப் பேசலாம் அத்தே. புள்ளைங்க பசியா இருக்குதுங்க."

லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மாவே ஒரு காரணத்தைச் செய்துகொண்டாள். அவர் குனிந்து பையனின் ஷூ நாடாவை அவிழ்த்தார். அம்மா வைத்த பாயசத்தைத் தொடவில்லை. முகம் மழிக்காமல் கிடந்தது. என் அக்காவை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்த புதுப் புடவையை அம்மா கொண்டுவந்து காட்டினபோது, அவர் எழுந்து பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மில்லில் பதிலி. ஆள் வராத அன்று கூப்பிடுவார்கள், மற்ற நாளில் சைக்கிளும் நானும்தான். கோபம் மட்டும் நிரந்தர வேலையில் இருந்தது. மச்சான் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்த ஆள் அக்காவை விட்டுவிட்டான். அங்கே ஒரு வெள்ளைக்காரியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இங்கே தள்ளிவிட்டுப் போக வந்திருக்கிறான். சொல்தாக்கள் அப்படிச் செய்த கதைகள் எங்கள் பக்கம் உண்டு. ராத்திரியே சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். பிள்ளைகள் அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டில் பிரெஞ்சுதான் பேச வேண்டும் என்பது மச்சானின் சட்டம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பின்தங்கக் கூடாதாம். அக்கா ஒரு கடிதத்தில் இதை எழுதிக் குறைப்பட்டிருந்தாள். எனக்குப் பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்றால், எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த அளவு தெரியும். ரூ என்றால் தெரு, மேரி என்றால் நகராட்சி ஆபீஸ், பொன்ழூர் என்றால் வணக்கம், மெர்சி என்றால் நன்றி. அதற்கு மேல் பேசினால் சிரித்துச் சமாளிப்போம்.

ஆனால் அன்று மாலையே ஒன்று நடந்தது. பையன் பின்கதவருகே நின்று இருட்டைப் பார்த்து, "மாமன்" என்றான்.

அம்மா கையிலிருந்த கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பையனிடம் போனேன். அவன் மறுபடியும் சொன்னான். எழுதும்போது நாம் மாமன் என்று எழுதுகிறோம், பேசும்போது கடைசி எழுத்து மூக்கோடு நின்றுவிடுகிறது இல்லையா, அவனும் அப்படியே, எங்கள் தெருப் பிள்ளை மாதிரியே சொன்னான். நான் அவனைத் தூக்கி, "மாமன்தான்டா, மாமன்தான்" என்று சுற்றினேன். அவன் அழ ஆரம்பித்தான். புது ஆள், பயம் என்று இறக்கிவிட்டேன்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அக்கா என்னைச் சீண்டுவாள். "டேய் குச்சி, நாளைக்கு எனக்குப் புள்ள பொறந்தா மாமன் இன்னாடா போடுவ?" என்பாள். நான் யானை வாங்கிப் போடுவேன் என்பேன். அவள் போனபிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் ஒரு அரைஞாண்கூடப் போடவில்லை. கடல் தாண்டிப் போய் எப்படிப் போடுவது. அப்படியும், புருஷன் சட்டத்தை மீறி, அவள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்று ராத்திரி படுக்கையில் எனக்கு மச்சான் மேல் இருந்த கோபமெல்லாம் மறந்துபோய், அக்காவை நினைத்து நெஞ்சு நிறைந்திருந்தது.

காலையில் மச்சான் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, புள்ளைங்கள கூட்டினு போயி ஊரச் சுத்திக் காட்டு. மார்க்கெட்டு, பீச்சு, பார்க்கு எல்லாம்."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு அத்தைகிட்ட பேசணும்." முருங்கை மரத்தைப் பார்க்காமல் பேசினார். "பொழுது சாயறதுக்கு முன்ன வராத."

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறவனிடம் பொழுது சாய்வதற்குள் வந்துவிடு என்றுதான் யாரும் சொல்வார்கள். இவர் மாற்றிச் சொல்கிறாரே என்று எனக்கு உறைத்தது. உறைத்தும் சைக்கிளை எடுத்தேன். பேசட்டும், அம்மாவிடம் தன் வண்டவாளத்தைத் தானே சொல்லட்டும், திரும்பி வந்து நான் கவனித்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பையன் முன்னால் பாரில், பெண் பின்னால் கேரியரில். வானம் காலையிலேயே கருத்துக் கிடந்தது. காற்று இல்லை. கார்த்திகையில் காற்று இல்லாமல் இருந்தால் எங்கள் ஊரில் யாரும் அதை நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை.

தெருமுனையில் கடைக்காரர் நிறுத்தினார். "யாரு, அக்கா புள்ளைங்களா? அக்கா எங்க?"

"பின்னால வருது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பையன் அவரைப் பார்த்து, "ஊஏ மாமன்?" என்றான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஓய் மாமன் என்கிறான் பொடியன். ஓய் வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் அக்கா. கடைக்காரரும் சிரித்தார். "தொர ஊட்டுப் புள்ள, மாமன ஓய்ங்குது பாரு" என்று ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். பையன் மிட்டாயை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பதிலுக்குக் காத்திருக்கிறவன்போல்.

நேற்றிலிருந்து வாய் திறக்காத பெண், அப்போதுதான் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். கேரியரில் இருந்தபடி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரும்பினேன்.

"மாமன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, தரையைக் காட்டி, "பொந்திஷெரி?" என்றாள்.

இதுகூடவா புரியாது எனக்கு. நெஞ்சில் தட்டிக்கொண்டு, "ஆமா. மாமன், பாண்டிச்சேரி" என்றேன். அவளுக்கு விளங்கட்டும் என்று பிரெஞ்சுக்காரன் மாதிரியே, "மாமன், பொந்திஷெரி" என்று தலையை ஆட்டிச் சொன்னேன்.

அவள் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். கண் பெரிதாயிற்று. தம்பியிடம் அவசரமாக ஏதோ சொன்னாள். அவன் பாரில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பார்க்க ஆரம்பித்தான். ஊரைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மிதித்தேன்.

பெரிய மார்க்கெட்டில் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு ஒவ்வொரு கையில் ஒருவராகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மீன் பக்கம் கூட்டம் இல்லை. கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் முந்தின நாள் மீன்தான் இருந்தது. மீன்காரிகள் வெறும் கூடையோடு உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நண்டைக் காட்டினேன், சங்கராவைக் காட்டினேன், சுறாக்குட்டியின் பல்லைக் காட்டினேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் குதிக்கும் என்று நினைத்தேன். இரண்டும் மீனைப் பார்க்கவே இல்லை. மீன் விற்கிறவர்களின் முகங்களைப் பார்த்தன.

பூக்கடைப் பக்கம் வந்தபோது பெண்ணின் கை என் கையிலிருந்து நழுவியது. திரும்பினால் ஆள் இல்லை.

அந்தக் கூட்டத்தில் எங்கே தேடுவது. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மூட்டைக்காரர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். வெங்காய மண்டி, தேங்காய்க் கடை, மறுபடியும் பூக்கடை. பெயரைச் சொல்லிக் கத்தினால் எனக்கே அந்தப் பெயர் வாயில் சரியாக வரவில்லை. சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிட்டது. கடைசியில் வெற்றிலைக் கடைப் பக்கம் கண்டுபிடித்தேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்ணின் முந்தானையைப் பின்னால் இருந்து பிடித்துக்கொண்டு கூடவே நடந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குத் தெரியவே தெரியாது. நீளப் பின்னல் போட்டிருந்தாள், முழங்கைவரை கனகாம்பரம் தொங்கியது. நான் கூப்பிட்டதும் அவளும் திரும்பினாள், பிள்ளையும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. பார்த்தவுடன் முந்தானையை விட்டுவிட்டது.

"யாரு புள்ளம்மா நீ?" என்று அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"எங்க அக்கா பொண்ணு. புது எடம்" என்று நான் இழுத்துக்கொண்டு வந்தேன். கோபத்தில் பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு கையையும் நான் விடவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று ரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனேன். நீள ரொட்டி ஒன்றை எடுத்துப் பையன் கையில் கொடுத்ததும் அவனுக்கு உயிர் வந்தது. தன் தோள் உயரம் வந்த அதை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "மெர்சி தொந்தோன்" என்றான். நேற்று சாப்பிடும்போதும் இந்தச் சொல்லைச் சொன்னான். குச்சி மாதிரி இருக்கிற என்னைப் பார்த்துத் தொந்தி என்கிறானே என்று எனக்குச் சிரிப்பு. என் வயிற்றைத் தட்டி, "தொந்தி எங்கடா இருக்குது?" என்றேன். பெண்கூட லேசாகச் சிரித்தாள். அன்று அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரொட்டியை அவன் பிய்க்கவிடவில்லை. அவன் அக்கா ஒரு துண்டு கேட்டபோது தலையை ஆட்டி, "மாமன்" என்றான். எனக்கென்று எடுத்து வைக்கிறானாம். என் கண் கலங்கியது. "மாமனுக்கு வேணாம்டா, நீ துன்னு" என்றேன். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கடற்கரைக்கு வந்தபோது நடுப்பகல். வெயிலே இல்லாத நடுப்பகல். துறைமுகப் பக்கம் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. அலை வந்து கரையோரக் கற்களில் மோதியபோது காலுக்குக் கீழே சிமென்ட் அதிர்ந்தது. நான் வழிகாட்டி மாதிரி ஒவ்வொன்றாகக் கைநீட்டிச் சொல்லிக்கொண்டு போனேன். இது சிலை, இது பழைய லைட் அவுஸ், இது மேரி, அதோ சிவப்புத் தொப்பி போலீஸ். கடையில் சோறு வாங்கிக் கொடுத்தேன், கோலி சோடா உடைத்துக் காட்டினேன். பையன் ஒவ்வொரு சிலைக்கும் பின்னால், ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். யாரோ ஒளிந்து விளையாடுவதுபோல் இருந்தது அவன் பார்ப்பது. அப்படிப் பார்த்துவிட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து, "ஊஏ மாமன்?" என்றான். நானும் ஒவ்வொரு தடவையும், "இதோ இருக்கேன்டா" என்றேன்.

அப்போதே எனக்குள் ஏதோ சரியில்லை. கூப்பிடுகிற பிள்ளைக்குப் பதில் கொடுத்தால் அது சிரிக்க வேண்டும். இவன் நான் பதில் சொல்லச் சொல்லச் சோர்ந்துகொண்டே போனான்.

சாயங்காலம் ஆக ஆகக் காற்று எழுந்தது. கவர்னர் மாளிகைக்கு எதிரே பூங்காவுக்குக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பையன் மடியில் ரொட்டி. மழை வரப்போகிறதென்று ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம் மட்டும் இருந்தது. அம்மாவும் அப்பாவும் தூரத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க, இவன் வயதுப் பையன் ஒருவன் பாதையில் ஓடினான். ஓடியவன் தடுக்கி, முகம் குப்புற விழுந்தான். எழுந்து உட்கார்ந்து முட்டியைப் பார்த்தான், ரத்தம். வாயைத் திறந்து கத்தினான்.

"மாமன்."

நான் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். என்னையா கூப்பிடுகிறான். யாரோ வெள்ளைக்காரன் பிள்ளை என்னை ஏன் மாமன் என்கிறது.

அந்தப் பெண்மணி செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். பிள்ளையை அள்ளி எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளும் அதே சொல்லைச் சொல்லி அவன் முதுகைத் தடவினாள். அப்பா பின்னாலேயே நடந்து வந்தார். அவரை அவன் பார்க்கவே இல்லை.

என் பக்கத்தில் பெஞ்சில் இரண்டு பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்து அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அக்கா பெண்ணின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் நெஞ்சைத் தொட்டு, "மாமன்?" என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். என் நெஞ்சில் தன் விரலை வைத்து, "தொந்தோன்" என்றாள், பொறுமையாக, மக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. பிறகு சுற்றிலும், பூங்கா முழுவதையும், அதற்கு வெளியே தெரிகிற தெருக்களையும் காட்டி, "மாமன், பொந்திஷெரி" என்றாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து எங்கே என்று கேட்டாள்.

தாய்மாமனுக்கு அந்தப் பிள்ளைகள் வைத்திருந்த சொல் தொந்தோன். மாமன் என்று அவர்கள் நேற்றிலிருந்து கூப்பிட்டது என் அக்காவை.

இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டதும், கடைக்காரரைக் கேட்டதும், மீன்காரிகளின் முகம், பச்சைப் புடவை, சிலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, பிய்க்கவிடாத ரொட்டி, எல்லாம் அவளுக்காக. எங்கே அம்மா என்று நாள் முழுவதும் கேட்ட பிள்ளைக்கு இதோ இருக்கிறேன் என்று நாள் முழுவதும் பதில் சொல்லியிருக்கிறேன். அம்மா பாண்டிச்சேரியிலா என்று கேட்டதற்கு ஆமாம் என்று நெஞ்சைத் தட்டியிருக்கிறேன். அக்கா எனக்காகச் சொல்லிக் கொடுத்தாள் என்று ராத்திரி முழுக்கப் பூரித்துக் கிடந்தேனே, அது எனக்கு வந்தது இல்லை.

ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து நின்றது. அம்மா இந்த ஊரில் இருக்கிறாள் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? என்னிடம் கேட்பதற்கு முன்பே அந்தப் பெண்ணுக்கு அது தெரியும், உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டாள். அப்படியானால் மச்சான்தான் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லித்தான் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றியிருக்கிறார்.

காரில் மூன்று பேர்தான் வந்தார்கள்.

எனக்கு முருங்கை மரம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பையை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள், எதை மரத்தில் கட்டி வைப்பார்கள், எதைத் தொட்டுவிட்டு வருகிறவன் ஆரத்தித் தட்டைத் தவிர்த்துக் கிணற்றடிக்குப் போய் கைகால் கழுவுவான் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா செத்தபோது, கரைக்கிற வரைக்கும் கலயம் அந்த மரத்தில்தான் தொங்கியது. நான்தான் கட்டினேன். மண்கலயமாக இருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். பிரான்சுத் துணிப்பையில் வரும் என்று யாருக்குத் தோன்றும்.

பெண்ணிடம் இன்னும் ஏதாவது கேட்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பொன்ழூரும் மெர்சியும்தான் இருந்தன. "மாமன்" என்று மட்டும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்காட்டினாள். தூங்குகிறாளாம்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தூங்குகிறாள் என்றால் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒருவேளை தனியாக விமானத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்து அங்கே சேர்த்திருக்கிறாரோ. அப்படி நடக்காது என்று தெரிந்துகொண்டே அதை நினைத்தேன். மச்சான் வெள்ளைக்காரியோடு ஓடியிருக்கட்டும், அக்காவை அடித்துத் துரத்தியிருக்கட்டும், எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று அந்தப் பெஞ்சில் வேண்டிக்கொண்டேன். காலையில் எந்த ஆளின் கழுத்தை நெரிக்க நினைத்தேனோ அந்த ஆள் அயோக்கியனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தூறல் விழ ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்கு முன் வராதே என்றார். சாய்ந்துவிட்டது. ஆனால் எனக்குக் கால் வரவில்லை. நான் போகாத வரைக்கும் வீட்டில் எதுவும் ஆகியிருக்காது என்று இருந்தது. பிள்ளைகள் நனையத் தொடங்கியபிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.

வரும் வழியெல்லாம் பையன் பாரில் உட்கார்ந்தபடி நடைபாதையைத் தேடிக்கொண்டே வந்தான். குடை பிடித்துப் போகிற பெண்களைக் கண்டால் தலை திரும்பும். நான் வேகமாகவும் மிதிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. ரொட்டி ஈரத்தில் ஊறி வளைந்துவிட்டது. அவன் அதைச் சட்டைக்குள் செருக முயன்றான்.

எங்கள் தெருவில் திரும்பியதும் கடை மூடியிருப்பதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் மூடுகிற கடை இல்லை. எங்கள் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். காலையில் மிட்டாய் கொடுத்த கடைக்காரர் சைக்கிளை வாங்கிப் பிடித்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே மச்சான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. அம்மாதான் கிழித்திருக்க வேண்டும். நான் செய்ய நினைத்ததை அவள் செய்துவிட்டாள்.

"ஜொரம்னுதான் படுத்தா தம்பி" என்றார். "தந்தி எழுதறதுக்கு உக்காந்தேன். கை வரல. எங்க ஊரு கடல்ல வுட்டுடுன்னா. அதான் கூட்டினு வந்தேன்."

கொண்டுவந்தேன் என்று அவர் சொல்லவில்லை. கூட்டினு வந்தேன் என்றுதான் சொன்னார். அவரை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்காக அன்று அவர்மேல் கை வைக்க முடியவில்லை.

அம்மா வீட்டில் இல்லை. பின்கதவைத் தாண்டி, முருங்கை மரத்தடியில், மழையில், சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே பை தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு எடுத்த புதுப் புடவையைப் பிரித்துப் பை நனையாமல் அதன்மேல் போர்த்தியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவளை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்து உள்ள வா, நனையற."

"எம்பொண்ணு வெளிய நிக்கிறா" என்றாள் அம்மா. "நான் எப்டி உள்ள வருவேன்?"

என் இடுப்பில் இருந்த பையன் இந்தக் கூட்டத்தையும் இருட்டையும் பார்த்து, அம்மாவின் குரலைக் கேட்டு மிரண்டுபோனான். கையிலிருந்த ரொட்டி சேற்றில் விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தவன் வீறிட்டு அழுதான். என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, என் காதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதான். அவன் அக்கா என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, மரத்தடியில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமனக் கூப்புடுது பாருடி" என்றாள் மற்றவளிடம். "நேத்து வந்த புள்ள, மாமன்னு எப்டிக் கட்டிக்கினு கீது பாரு. அழாதடா கண்ணு. ஒனக்கு மாமன் இருக்கான்."

அவன் என்னைக் கூப்பிடவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கும் அந்தப் பெண் குழந்தைக்கும் மட்டும்தான் தெரியும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

"இருக்கேன்டா" என்றேன்.